கிழவர் வேஷத்தில் வந்த முதல் மனுதாரர்

முதியோர் நலனில் நடந்த முதல் மோசடி திருத்தணிக்குக் கொஞ்ச தூரத்தில், வள்ளிமலையில் நடந்தது. செய்தவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். ஆனாலும் இன்றுவரை ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை. அவர் அதற்குப் பிறகு எங்கள் ஊர் மலைமேல் குடியேறிவிட்டார். வாசலுக்குப் போக 365 படி ஏற வேண்டும். நோட்டீஸ் எடுத்துப் போகிற ஆள் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, விபூதி பூசிக்கொண்டு திரும்பிவிடுவார்.

கதை தெரிந்ததுதான். வேடனாக வந்து பார்த்தார், வேங்கை மரமாக நின்று பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தினைப்புனத்துப் பரண்மேல் நின்று கவண்கல்லால் கிளி ஓட்டுகிற பெண்ணுக்கு வேடனும் மரமும் தினம் பார்க்கிற சமாசாரம். கடைசியில் தலை நரைத்து, முதுகு வளைந்து, கோலூன்றி ஒரு கிழவராக வந்து சேர்ந்தார். வள்ளியின் அப்பா நம்பிராஜன் வயதுச் சான்று கேட்கவில்லை. ரேஷன் கார்டு கேட்கவில்லை. மகன் உண்டா, அவன் சோறு போடுகிறானா என்று விசாரிக்கவில்லை. "பெரியவரே, எங்கள் பெண்ணுக்குத் துணையாக இங்கேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அனுமதி கொடுத்தது அப்பன். வேலை விழுந்தது பெண் தலையில். தினைமாவில் தேன் பிசைந்து ஊட்டியவள் வள்ளி. விக்கல் எடுத்ததும் சுனைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனவளும் அவள்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. கடைசியில் கிழவருக்குக் கல்யாண ஆசை வேறு வந்தது. முடியாது என்றதும் அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தல். இந்த நாட்டில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் முறை மொத்தமும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சோழர், கம்பெனி, வெள்ளைக்காரன், காங்கிரஸ், கழகங்கள் எல்லாரும் அதில் படிவத்தை மட்டும்தான் சேர்த்தார்கள்.

அந்த மனு இன்றைக்கு எங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தால் என்ன ஆகும்? வி.ஏ.ஓ. குறிப்பு எழுதுவார். வயது: என்றும் இளையவர் என்று ஊரே பாடுகிறது, ஆகவே ஐயத்துக்குரியது. சொத்து: ஆறு இடத்தில் வீடு. வாகனம்: மயில், சொந்தம். ஆதரவு: மனைவி இந்திரன் மகள், மாமனார் வசதியானவர். தாய்மாமன் வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் ஏழு மலைக்குச் சொந்தக்காரர், உண்டியல் வருமானம் நாடறிந்தது. தகப்பனார் ஓடேந்திப் பிச்சை எடுப்பவர்தான், ஆனால் தொழில்முறைப் பிச்சைக்காரருக்கு உதவித்தொகை கிடையாது என்பது நம் விதி. மனு நிராகரிக்கப்படுகிறது.

சோழர் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திரன் காலத்தில், பெருமாள் கோயிலுக்குள் ஓர் ஆதுலசாலை இருந்தது. கல்வெட்டு அச்சுப்பிசகாமல் கணக்குச் சொல்கிறது: படுக்கை 15, வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை பறிக்க ஆட்கள், பணிப்பெண்கள், நாவிதர், எல்லாருக்கும் நெல் அளந்து சம்பளம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் படுக்கை யாருக்கு? அங்கே வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும். பக்கத்து வயலில் களை பறித்து இடுப்பு விட்டுப்போன கிழவி அந்தப் பட்டியலில் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இ.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான ஆரம்பம் சென்னையில், ஒரு கஞ்சிப் பானையிலிருந்து. ஹைதர் அலியின் குதிரைகள் கர்நாடகம் முழுக்க ஓடி முடித்த 1780களின் தொடக்கம். பஞ்சம். பட்டணத்துக்கு வடக்கே, ராயபுரம் பக்கம், ஊர் மணியக்காரர் ஒருவர் 1782 வாக்கில் சத்திரம் வைத்துக் கஞ்சி ஊற்றினார். ஜனங்கள் அதைக் கஞ்சித்தொட்டி என்றார்கள். மணியக்காரர் என்று சொல்ல நாக்கு வராத வெள்ளைக்காரர்கள் மோனிகர் சவுல்ட்ரி என்று எழுதி வைத்தார்கள். அவர் சொந்தப் பெயர் என்ன என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகள், தள்ளாதவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். 1799இல் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஒரு மருந்தகம் திறந்தார். அதிலிருந்துதான் வேடிக்கை. நோயாளிகள் பக்கம் மளமளவென்று வளர்ந்தது. மருந்தகம் ஆஸ்பத்திரி ஆனது, ஆஸ்பத்திரியில் மருத்துவப் பள்ளி வந்தது, 1930களில் ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் ஒட்டப்பட்டது, பிறகு கல்லூரி. இன்றைக்கு ஸ்டான்லியில் படித்தேன் என்று சொல்லும் டாக்டர் உலகத்தின் எந்த மூலையிலும் உண்டு. கிழவர்கள் பக்கம்? சத்திரம் சத்திரமாகவே இருந்தது. பழைய ஜெயில் ரோட்டில் இன்னமும் முதியோர் இல்லமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் குணமாகி வெளியே வருவான், கவர்னர் வந்து ரிப்பன் வெட்டுவார். கிழவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினால் அவர் மறுநாளும் கிழவராகத்தான் இருப்பார். அதற்கு எந்தக் கவர்னர் பெயர் கொடுப்பான்?

இனி ஒரு கிழவியை வைத்துக்கொண்டு போனால் வசதி. கற்பனைக் கிழவிதான், ஆனால் எங்கள் பக்கத் திண்ணைகளில் இவள் ஜாடை நிறைய. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876இல், கார்வேட்நகர் ஜமீனில் திருத்தணி ஓரத்தில் பிறந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பிறந்த கையோடு கல்கத்தாவிலிருந்து சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை வந்து இறங்கினார், மதராஸ்காரர்கள் பஞ்ச நிவாரணத்தில் தாராளம் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க. கண்டுபிடித்தும் விட்டார். வேலைக்கு வரும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இதில் ஆள் பிழைக்காது என்று மல்லுக்கு நின்றார். இரண்டு துரைகளும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாறி மாறி அறிக்கை எழுதினார்கள். அதற்குள் லட்சக்கணக்கில் செத்துப்போனார்கள்.

செத்த பிறகு கமிஷன் போடுவது எந்த அரசுக்கும் உள்ள வழக்கம். 1880இல் ஸ்ட்ராச்சி கமிஷன் அறிக்கை கொடுத்தது, அதையொட்டிப் பஞ்ச விதிகள் வந்தன. அதில்தான் நம் கதையின் வில்லன் முதல்முறையாக மேடை ஏறுகிறார். மண் வெட்ட முடியாதவர்களுக்கு, அதாவது கண் இல்லாதவர், கால் இல்லாதவர், தள்ளாதவர்களுக்கு, வேலை வாங்காமலே படி அளக்கலாம் என்றது விதி. ஆனால் ஒரு நிபந்தனை: நாட்டு வழக்கப்படி ஆதரிக்கக் கடமைப்பட்ட சொந்தக்காரர் யாரும் இருக்கக் கூடாது. பட்டியல் போடுவது கிராம அதிகாரிகள் பொறுப்பு. கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் எந்தக் கிழவி நிஜமாகவே அநாதை என்று முடிவு செய்யும் தெய்வங்கள் ஆனார்கள். வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான், கிரீடம் போனது, கொடி மாறியது. அந்த நிபந்தனை மட்டும் போகவில்லை.

நம் கிழவி வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள், தாலி இழந்தாள், திண்ணைக்கு வந்து சேர்ந்தாள். அவள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, ஊர்தான் பயணம் போனது. பிறந்தபோது வட ஆற்காடு ஜில்லா. 1911இல் சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம். 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம். நடுவே ம.பொ.சி. வந்தார், மங்கலங்கிழார் வந்தார், உள்ளூர் விநாயகம் வந்தார். வேங்கடத்தை விடமாட்டோம் என்ற முழக்கம், மறியல், தடியடி, சிறை. உயிர் கொடுத்தவர்களும் உண்டு, அவர்களை வைத்து எனக்குச் சிரிப்பு வராது. பிறகு படாஸ்கர் என்ற பெரியவர் வரைபடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் பங்கு பிரித்தார். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. முருகனுக்கும் அன்றைக்குத்தான் விலாசம் மாறியது. ஏழுமலை மாமன் ஆந்திராவிலேயே நின்றுவிட்டார், மருமகன் மட்டும் நம்மோடு.

கிழவிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். சரியாக இரண்டு வருஷம் கழித்து, இன்னொரு ஏப்ரல் முதல் தேதியில், 1962இல், காமராஜர் அரசு முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தது. மாதம் 20 ரூபாய். உத்தரப் பிரதேசம் 1957இலும் கேரளம் 1960இலும் முந்திக்கொண்டன, ஆனாலும் நமக்கு இது பெரிய காரியம். அதுவரை பஞ்சம் வந்தால்தான் அரசு கிழவியைத் திரும்பிப் பார்க்கும். இனி பஞ்சம் வராமலே பார்க்கும். காமராஜர் பெயரைச் சொன்னதும் பள்ளிக்கூடமும் மதியச் சோறும் நினைவுக்கு வருகிற நமக்கு இந்த 20 ரூபாய் நினைவில் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து நன்றி சொல்லிப் புத்தகம் எழுதும், கிழவிகள் எழுதுவதில்லை.

வயசு 65 ஆகியிருக்க வேண்டும். இந்தியனின் சராசரி ஆயுள் நாற்பத்துச் சொச்சமாக இருந்த காலம் அது. இதில் ஜெர்மனியின் பிஸ்மார்க் நமக்கு அண்ணன். 1889இல் உலகத்துக்கே முன்னோடியாக முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்து, 70 வயது என்று வரம்பு வைத்தவர் அவர். கஜானாவுக்குக் கெடுதல் வராமல் தர்மம் செய்வது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

நம் கிழவிக்கு 86. தகுதி தாராளம். நிரூபிப்பதுதான் பாடு.

"வயசு என்னம்மா?"

"தாது வருஷத்துல பொறந்தேன் சாமி."

"அதுக்குக் காகிதம் இருக்கா?"

"பஞ்சத்துல தின்ன எலையே இல்ல, காகிதத்துக்கு எங்க போவேன்?"

சரி, பல்லைப் பார்த்து வயசு சொல்லும் டாக்டரிடம் போ என்றார்கள். பல் இருந்தால்தானே. பிறகு சொந்தக்காரர் விசாரணை. இருபது வயசு தாண்டின பேரன் அரக்கோணத்தில் ரயிலடியில் மூட்டை தூக்குகிறான் என்று எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். அவன் பெண்டாட்டிக்கே காசு கொடுப்பதில்லை என்பதற்கு அத்தாட்சி எந்த ஆபீசில் தருவார்கள்? எண்பது வருஷம் ஆகியும் ஸ்ட்ராச்சி துரையின் நிபந்தனை திருத்தணித் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

எப்படியோ சாங்ஷன் ஆனது. மணியார்டர் வந்தது. அதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது ஒரு சடங்கு. தபால்காரர் சைக்கிளைத் தூணில் சாய்ப்பார். மை டப்பாவைத் திறப்பார். கிழவியின் இடது கைப் பெருவிரலைத் தானே பிடித்து உருட்டி, பாரத்தில் அழுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். நோட்டை இரண்டு தரம் எண்ணிக் கிழவியின் கையில் வைப்பார், வைத்த கை உடனே போகாது. காப்பிக்கு என்று ஒன்று பிரிந்த பிறகுதான் சைக்கிள் மணி அடிக்கும். கிழவி அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. மாதம் ஒரு தடவை வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிற ஒரே அரசாங்க மனிதர் அவர்தான். பின்னால் பாங்குக் கணக்கு, கார்டு, கைரேகை மிஷின் எல்லாம் வந்து அந்தக் காப்பிக் காசை ஒழித்தன. மிஷின் சுகம் விசாரிக்காது. எழுபது வருஷம் விறகு வெட்டிப் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே என்று மட்டும் கேட்கும்.

அதற்கப்புறம் அரசுக்கு ரகம் பிரிப்பதில் ருசி கண்டுவிட்டது. 1974இல் ஊனமுற்றோருக்கு, 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கு, 1981இல் விவசாயத் தொழிலாளருக்கு, 1986இல் கணவன் கைவிட்டவர்களுக்கு என்று தனித்தனி ஓய்வூதியம். ஒருத்தியே விதவையாகவும் கூலிக்காரியாகவும் கால் ஊனமாகவும் எழுபது வயதாகவும் இருந்தால்? நாலில் ஒன்றுதான். எந்தக் கஷ்டம் பெரிய கஷ்டம் என்று அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், முன்சீப்புகளை வீட்டுக்கு அனுப்பினார். பரம்பரைத் தெய்வங்கள் போய், பரீட்சை எழுதின வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். 1983இல் சத்துணவு மையத்தில் பிள்ளைகளோடு பென்ஷன் வாங்கும் கிழவர்களுக்கும் சாப்பாடு என்றார். தட்டு ஏந்தி வரிசையில் பேரனுக்குப் பின்னால் தாத்தா. மையத்துக்கு நடந்து வர முடிந்தவருக்குத்தான் அந்தச் சோறு என்பதை மறந்துவிடக் கூடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை, வேட்டி. 1995 சுதந்திர தினத்தன்று டில்லி கண் விழித்து 75 ரூபாய் நீட்டியது, பிறகு 200 ஆக்கியது. 60இலிருந்து 79 வயது வரை இருப்பவருக்கு டில்லியின் பங்கு அந்த 200இலேயே உறைந்துபோனது. மிச்சத்தைப் போட்டுத் தமிழ்நாடு 2011இல் 1,000 ஆக்கியது, 2023இல் 1,200 ஆக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500, மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குப் பராமரிப்புத் தொகை 2,000.

வெளிநாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கின. ஜப்பானில் 40 வயதானால் சந்தா கட்டியாக வேண்டும், தளர்ந்தபோது வீட்டுக்கு ஆள் வரும். அது காரியம். நமக்கு ஆபீஸ் நடத்தக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்தோ 2010இல் டில்னாட் கமிஷன் போட்டு, 2014இல் சட்டம் போட்டு, ஒருவர் தன் பராமரிப்புக்கு 86,000 பவுண்டுக்குமேல் செலவழிக்க வேண்டாம் என்று வரம்பு அறிவித்து, 2023இல் என்று சொல்லி 2025க்குத் தள்ளிவைத்து, 2024இல் மொத்தமாகவே கைவிட்டு, 2025இல் இன்னொரு கமிஷன் போட்டிருக்கிறது. இறுதி அறிக்கை 2028இல். நம் தாலுகா ஆபீஸ் யாரிடம் பாடம் படித்தது என்பது விளங்குகிறதல்லவா.

இத்தனை சீர்திருத்தத்திலும் ஒரு வேலை மட்டும் கைமாறவே இல்லை. பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வைத்துவிடும். மலத்துணி மாற்ற வேண்டும். கஞ்சியைப் புரையேறாமல் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். இதைச் செய்ய மருமகள் நூறு நாள் வேலைக்குப் போவதை விட வேண்டும், மகள் அரக்கோணத்து வேலையை விட வேண்டும். 20 ரூபாயிலிருந்து 1,200 வரை எல்லாப் பணமும் கிழவருக்குத்தான் வந்தது. அந்தக் கைகளுக்கு வந்தது ஒன்றுமில்லை. மகன் இருக்கிறானா என்று அரசு நூற்று நாற்பது வருஷமாகத் துருவித் துருவி விசாரிக்கிறது. இருந்தால் அவன் என்ன செய்வான்? அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுவான். நம்பிராஜன் செய்ததும் அதுதான்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரையோடு பிசியோதெரபி செய்பவரும் வலி தணிக்கும் சிகிச்சைக்கான நர்சும் வீடு தேடி வருகிறார்கள். 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர் வீட்டுக்கு ரேஷன் அரிசி வருகிறது. பணத்துக்குப் பதில் ஆள் வருவது இந்தக் கதையில் புது அத்தியாயம். அவர்கள் போன பிறகு மிச்சமிருக்கும் நேரம் முழுக்க வீட்டுப் பெண்ணுடையது என்றாலும் அத்தியாயம் புதுசுதான். எங்கள் கோயிலிலும் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுக்க அன்னதானம். சாம்பார் நன்றாகவே இருக்கும். சோறு மலைமேல், படுத்த கிழவர் மலையடிவாரத்தில், அவ்வளவுதான் குறை.

டில்லி 2007இல் இன்னொரு சட்டமும் போட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். சோறு போடாத மகனை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். எந்தத் தாய் போவாள்? வழக்குப் போட்டால் பேத்தியை யார் கட்டிக்கொள்வான் என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என்று தொடங்கி, ஏழை முதியோர் 150 பேர் தங்கும்படி மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது அது. பராமரிக்கும் கைகளுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

1997இலிருந்து நாம் திருவள்ளூர் மாவட்டம். நம் மாவட்டத்தில் அந்த 150 பேர் இல்லம் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள எத்தனை ஊழியர்கள், சம்பளம் எவ்வளவு என்று நாலு கேள்வி எழுதித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகவும் ஒட்டலாம். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.